நிறுத்தாதே என்று நான் சொல்லவில்லை

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மருந்து செத்துப்போனால் கேக் வெட்டுவார்கள். டென்மார்க்குக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. இந்த நாட்டில் பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவர வேண்டும், வேலையை விட்டுப் போகிறவரே தன்னுடைய பிரியாவிடைக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் பழகிக்கொண்டேன். ஆனால் பலர் சேர்ந்து வருடக்கணக்காக உழைத்த ஒரு சேர்மம் பயனில்லை என்று முடிவான வெள்ளிக்கிழமை, கோப்பி நேரம் வந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடி, அதன் இலக்கத்தை வெள்ளைக் கிரீமில் எழுதிய கேக்கை வெட்டிச் சாப்பிடுவதை முதன்முதலில் கண்டபோது, இவர்களுக்குத் துக்கம் என்று ஒன்று இல்லையோ என்று நினைத்தேன். இவர்களிடம் "பியூட்" என்று ஒரு சொல் இருக்கிறது. போனது போகட்டும், அதற்காக மண்டையைப் போட்டு உடைக்காதே என்று அர்த்தம். கோப்பி சிந்தினாலும் பியூட். பஸ் தவறினாலும் பியூட். நாலைந்து வருட உழைப்பு குப்பைக்குப் போனாலும் பியூட்.

போன குளிர்காலத்தில் நாற்பத்தேழுக்குக் கேக் வெட்டினோம். அதன் முழு இலக்கம் நீளமானது. கடைசி இரண்டு எண்களைச் சொல்லித்தான் நாங்கள் அதைக் கூப்பிடுவோம். எலிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கும் பிர்க்கிட என்ற பெண்மணிதான் கேக் செய்துகொண்டு வந்திருந்தார். எனக்கு வெட்டித் தந்த துண்டை நான் தட்டில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றேன். பிர்க்கிட எனக்கு அருகில் வந்து, "உங்கள் சமயத்தில் முட்டை கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கத்தோலிக்கப் பெண். முட்டையும் மீனும் இறைச்சியும் தின்று வளர்ந்தவள். ஆனாலும் ஓம் என்று தலையாட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொய் எனக்கு அன்றைக்குப் பெரிய உதவியாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் ஜெசியிலிருந்து தொடங்க வேண்டும். டேனிஷ் மொழியில் அவ்வளவு நீளமாகக் கதைக்க எனக்கு இன்னமும் வராது.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னுடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரோயிட் என்றதும் உடம்பை முறுக்கேற்றப் பொடியன்கள் போடுகிற ஊசிதான் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது அதுவல்ல. எங்கள் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை நாள்தோறும் சுரக்கிற ஒரு பொருள்தான் உடம்பில் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் சூட்டையும் நோவையும், ஓர் அளவுக்குள் வைத்திருக்கிறது. அதைப் போலவே ஆலையில் செய்த மருந்தைத்தான் இழுப்புக்கும், மூட்டு வீக்கத்துக்கும், தோல் வருத்தங்களுக்கும் வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். அது வேகமாகக் கேட்கும். ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, கொண்டுவரும், எலும்பைக் கரைக்கும், முகத்திலும் பிடரியிலும் கொழுப்பைச் சேர்க்கும். அந்த மருந்தின் மூலக்கூறு நான்கு வளையங்கள் ஒட்டிய ஓர் அமைப்பு. அந்த நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றில் தொங்குகிற சின்னச் சின்னக் கிளைகளை மாற்றி, நன்மையை மட்டும் செய்து தீமையை விட்டுவிடுகிற ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்க முடியுமா என்று தேடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. உலகத்தில் பலர் பல காலமாகத் தேடுகிறார்கள். நான் ஏன் தேடினேன் என்பதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது.

ஜெசிந்தா என் தங்கச்சி. வீட்டில் ஜெசி. திருகோணமலையில் பாலையூற்றில், அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் இருக்கிறாள். நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, தட்டச்சு செய்வது அவளுடைய தொழில். சண்டைக்காலத்தில் விட்டுவிட்டுப் போன காணிகளுக்கு உறுதி தேடித் தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் வருகிற சனம் அந்தக் கந்தோர் வாசலில் எப்போதும் நிற்கும். வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாருடைய வளவு என்று நான்கு எல்லைகளையும் ஒரு பிழையில்லாமல் அவள் அடித்துக்கொடுப்பாள். அவளுடைய கணவர் அன்ரன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார். சீனக்குடாப் பக்கம் கோதுமையும் சீமெந்தும் கொண்டுவருகிற பெரிய கப்பல்களை உள்ளே கூட்டிவந்து கரையோடு சேர்க்கிற படகு. அவர்களுக்கு ஒரே மகள், டிலானி.

டிலானி பிறந்து ஒரு வருடத்துக்குள் ஜெசியின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழும்பினால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாது. பிள்ளையைத் தூக்க ஏலாது. அன்ரன்தான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு வேலைக்குப் போவார். அந்த வருடம் நான் விடுமுறையில் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் முதன்முதலாக அவளுக்கு அந்த ஸ்டீரோயிட் மாத்திரையை, ஒரு சின்ன வெள்ளைக் குளுசையை, கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. அன்ரன்தான் என்று நினைத்து எழும்பிப் போனேன். ஜெசி உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தேங்காய்ப்பாதியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இஞ்ச பாருங்கோ" என்று இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை மூடித் திறந்து மூடித் திறந்து காட்டினாள். சிரித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரசாயனம் படித்த எனக்கு, படித்தது ஒன்று மனிதக் கைகளில் நடந்ததைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு வேறு மருந்துகளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று ஈரலைத் தாக்கியது. இன்னொன்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த வெள்ளைக் குளுசைதான் நிரந்தரமாக நின்றது. வைத்தியர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். அளவைக் குறைக்கப் பார்ப்பார்கள், குறைத்தால் மூட்டுகள் எரியும், பழையபடி கூட்டுவார்கள். வருடங்கள் போகப் போக ஜெசியின் ஒடுக்கமான முகம் வட்டமாக ஊதியது. கன்னங்கள் கண்களை மேலே தள்ளின. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது சனங்கள், "ஜெசி, நல்ல செழிப்பா வந்திட்டாய். அக்கா வெளிநாட்டில, உனக்கென்ன குறை" என்பார்களாம். அவள் அதை எனக்குப் போனில் சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் படம் எடுக்க விடமாட்டாள். வீடியோவில் கதைக்கும்போதும் போனை மேலே தூக்கி, நெற்றியும் வீட்டு முகடும் மட்டும் தெரிகிறமாதிரிப் பிடித்துக்கொள்வாள். அவளோடு கதைத்த அந்த வருடங்களில் நான் அதிகம் பார்த்தது அந்த வீட்டு முகட்டு ஓடுகளைத்தான்.

நான் இந்தக் குழுவில் சேர்ந்தபோது முதலில் அவளுக்குத்தான் சொன்னேன். நாற்பத்தேழு என்ற அந்தச் சேர்மம் எலிகளில் வேலை செய்யத் தொடங்கியபோதும் அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். வீங்கிய பாதங்கள் வற்றின. இரத்தத்தில் சீனி ஏறவில்லை. எங்கள் குழுத் தலைவர் ஹென்றிக், எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு மேசையில் தட்டினார். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இங்கே மரியாதைக்குச் சேர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஜெசிக்கு இது பெரிய ஆச்சரியம். "உங்கட பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறீங்களோ? பிறகென்ன, நீங்கள் சொன்னால் அவர் கேப்பார்தானே. எனக்குக் கெதியா அந்த மருந்தைத் தரச் சொல்லுங்கோ" என்பாள். எலியிலிருந்து மனிதருக்கு வர எத்தனை படிகள் என்று நான் விளக்குவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த கிழமை போன் எடுக்கும்போது, "உங்கட மருந்து என்ன மாதிரி?" என்று திரும்பவும் தொடங்குவாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, தனி ஆளாக ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு, வருடத்தில் பாதி நாள் வெயிலைக் காணாமல் வேலைக்குப் போய் வருகிறதற்கு அந்தக் கேள்வி ஓர் அர்த்தம் தந்தது.

டிலானிக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, கொடுக்கிற வருடம் அது. இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது ஜெசி ஒரு மத்தியானம் என்னை அழைத்தாள். இங்கே காலை. நான் ஆய்வுகூடத்துக்கு வெளியே நடைபாதையில் நின்று கதைத்தேன்.

"அக்கா, இந்தக் குளுசை உண்மையா உடம்புக்குள்ள என்ன செய்யுது?"

அவள் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. நான் உற்சாகமாகிவிட்டேன். ஒரு வகுப்பே எடுத்தேன். சீனி எப்படி ஏறுகிறது, எலும்பு எப்படிக் கரைகிறது, கொழுப்பு ஏன் முகத்துக்கு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ம் ம் என்று கேட்டாள்.

"அப்ப இது நஞ்சோ?"

"ஒரு வகையில நஞ்சுதான்" என்றேன். "எங்கட மருந்து வரட்டும். இதைத் தூக்கி எறியலாம்."

"முகம் பழையபடி வருமோ?"

"இதை நிப்பாட்டினால் வரும். கொஞ்சம் கொஞ்சமா வரும்."

இவ்வளவுதான் நான் சொன்னது. அந்தக் கடைசி வசனத்தில் நான் சொன்ன "கொஞ்சம் கொஞ்சமா" முகத்துக்குச் சொன்னது, மருந்துக்கு அல்ல. வருடக்கணக்கில் இந்தக் குளுசையை எடுத்த ஒருவர் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருப்பதால் அந்தச் சின்னச் சுரப்பிகள் வேலை மறந்து சுருங்கிப்போயிருக்கும். மருந்தை நிறுத்தினால் அவை உடனே விழிக்காது. உடம்பு ஒன்றும் இல்லாமல் நிற்கும். இது எனக்குத் தெரியாததா? எங்கள் ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக்கூட இந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம். அதற்கென்று ஓர் அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதி ஒட்டியது நான். என்னைப் போல வெளியே இருந்துகொண்டு ஊரிலுள்ளவர்களுக்குப் போனில் வைத்தியம் சொல்கிறவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து அந்த ஒரு வசனத்தை முதலில் சொல்லுங்கள். கிளினிக்கில் கேட்காமல் நிறுத்தாதே என்று முதலில் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சொல்லலாம்.

ஜெசி புதுநன்மைக்கு இரண்டு கிழமைக்கு முன்பு நிறுத்தினாள். மகளோடு பீடத்துக்கு முன்னால் நின்று எடுக்கிற படத்தில் அந்த முகத்தோடு நிற்க அவளுக்கு விருப்பமில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. மூட்டுகள் திரும்பவும் வீங்கின. பனடோல் போட்டுக்கொண்டு சமாளித்தாள். சாப்பாடு பிடிக்கவில்லை, தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. கலியாணவீடு மாதிரி அலைச்சல், அதுதான் என்று அன்ரனுக்குச் சொன்னாள். புதுநன்மை அன்று காலைப் பூசையில், வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போக, டிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் பாதி வழியில் நின்றாள். பிள்ளையின் கையை விட்டாள். பிறகு சனம் இருக்கிற வாங்கில்களுக்கு நடுவில் விழுந்தாள்.

அன்ரன் என்னை அழைத்தபோது அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, ஆளுக்கு நினைவில்லை என்றார். "மச்சாள், மாரடைப்போ எண்டு பாக்கினம். அது இல்லையாம். ஒண்டும் விளங்கேல்ல." எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "அன்ரன், அவவின்ர கிளினிக் கொப்பியை டொக்டரிட்டைக் குடுங்கோ. குளுசையை நிப்பாட்டினவவோ எண்டு கேக்கச் சொல்லுங்கோ. இப்பவே" என்று கத்தினேன். தெருவோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அங்கே கடமையில் நின்ற இளம் பெண் வைத்தியர் அதற்கு முன்பே மருந்து விவரம் எழுதிய அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லியிராவிட்டாலும் அந்தப் பெண் அவளைக் காப்பாற்றியிருப்பார். நான் முன்பே பேசாமல் இருந்திருந்தால் காப்பாற்ற வேண்டியே வந்திருக்காது. பின்னேரம் ஜெசி கண் விழித்தாள். கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு முன்னால் அன்ரன் அவளிடம், "ஆர் உனக்கு இதை நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டாராம். "ஒருத்தரும் இல்லை. நானாத்தான் நிப்பாட்டினனான்" என்றாளாம். இதை அன்ரன்தான் எனக்குச் சொன்னார். கோபமாக, என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரிச் சொன்னார். "படிச்ச மனிசி செய்யிற வேலையோ, சொல்லுங்கோ மச்சாள்." இரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்று நான் கேட்டேன். புதுநன்மைப் படத்தில் டிலானி பாதிரியாருக்குப் பக்கத்தில் தனியே நிற்கிறாள். முகம் அழுது வீங்கியிருக்கிறது.

அடுத்த நாள் ஹென்றிக்கின் அறைக்குப் போனேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என் தங்கச்சிக்கு இந்த வருத்தம், இத்தனை வருடம் இந்த மருந்து எடுக்கிறாள், நேற்றுச் சாகப் பார்த்தாள் என்று சொன்னேன். அவர் கணினியிலிருந்து திரும்பி, கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மிகவும் அன்பாக, "நாற்பத்தேழைக் கொடுக்க முடியாது. உனக்கே தெரியும். மனிதர்களில் சோதிக்காத ஒன்று" என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்றேன். "சரி, ஆனால் நீ எனக்குச் சொன்னது நல்லது" என்றார். மூன்றாம் நாள் குளிர்ப்பெட்டியில் நாற்பத்தேழு இருந்த குப்பிகளை இரண்டு பேர் எடை பார்த்துப் பதிந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான சோதனை என்றார்கள். ஹென்றிக் கெட்டவர் இல்லை. இந்த நாட்டில் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். செய்யக் கூடியதை அவர் செய்தார். அதைவிட, அவர் சந்தேகப்பட்டதில் நியாயமும் இருந்தது. ஊருக்குப் பயணச்சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், அந்தக் குப்பிகளில் ஒன்றைக் கையில் எடுத்து, திரும்ப வைக்க மனமில்லாமல் நான் நின்றிருக்கிறேன். வைத்துவிட்டேன். ஆனால் நின்றிருக்கிறேன்.

எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. நாற்பத்தேழை நீண்ட காலம் கொடுத்த எலிகளின் எலும்புப் படங்கள் வந்தன. பிர்க்கிடவும் நானும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். தொடை எலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரி அடர்த்தியாக இருக்க வேண்டிய இடம் வலை கிழிந்த மாதிரி ஓட்டையாக இருந்தது. சீனியை ஏற்றாத எங்கள் மருந்து, எலும்பைப் பழைய மருந்தைப் போலவே தின்றிருந்தது. பிர்க்கிட என் தோளில் கை வைத்து, பியூட் என்ற அந்தச் சொல்லைச் சொன்னார். அந்தக் கிழமைதான் அன்ரன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஜெசிக்கு இடுப்பில் நோ என்று எடுத்த எக்ஸ்ரே. வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்திருந்தார். படத்தின் ஓரத்தில் அவருடைய பெருவிரலும், எக்ஸ்ரேத் தாளுக்கு ஊடாகப் பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கியும் தெரிந்தன. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஒரு பக்கம் தட்டையாக இடிந்திருந்தது. "இது என்ன மச்சாள், டொக்டர் சொன்னது வடிவா விளங்கேல்ல" என்று கீழே எழுதியிருந்தார். எனக்கு வடிவாக விளங்கியது. அது இத்தனை வருடக் குளுசை செய்த வேலை. அதற்குப் பிறகுதான் கேக் வெட்டினோம்.

ஜெசி ஒவ்வொரு கிழமையும் அழைத்தாள். "உங்கட மருந்து என்ன மாதிரி?" "போகுது" என்றேன். அடுத்த கிழமையும் போகுது என்றேன். மூன்று மாதம் அப்படிச் சொல்லிவிட்டு, விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது மத்தியானம். ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு ஒரு கடை வாசலில் கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நின்றன. என்னை ஒருவரும் ஏற்றிப்போக வரவில்லை, நான் வருகிற நேரத்தைச் சொல்லவில்லை. ஓட்டோவில் பாலையூற்றுக்குப் போனேன். ஜெசி விறாந்தையில் கதிரையில் இருந்தாள். அலுமினிய நடைச்சட்டம் ஒன்று முன்னால் நின்றது. இடுப்புச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பில் திகதிக்குக் காத்திருந்தாள். கந்தோருக்குப் போக ஏலாது. நொத்தாரிசு நல்ல மனிதர், பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவளால் இருந்து அடிக்க முடியவில்லை. இந்தத் தடவை முகத்தை மறைக்கப் போன் இல்லை. நான் பார்த்தேன். அவளும் பார்க்கவிட்டாள்.

அன்ரன் வேலைக்கும் டிலானி பள்ளிக்கூடத்துக்கும் போன இரண்டாம் நாள் காலை அவளுக்குச் சொன்னேன்.

"ஜெசி, அந்த மருந்து சரிவரேல்ல. நிப்பாட்டிப்போட்டினம்."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"நீங்கள் போகுது எண்டு சொல்லேக்கயே தெரியும். முந்தியெண்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பீங்களே."

பிறகு நான் கேட்டேன். "நான் சொன்னபடியாலதானே குளுசையை நிப்பாட்டினனீ?"

"ஓம்."

"ஏன் அன்ரனுக்குச் சொல்லேல்ல?"

"சொல்லி? உங்களை அவர் ஏசினால் என்ர இடுப்புச் சரிவருமோ?" அவள் சத்தமில்லாமல்தான் சொன்னாள். பிறகு நடைச்சட்டத்தின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, மருந்து இல்லையெண்டால், அப்ப நீங்கள் ஏன் இன்னும் அங்க இருக்கிறீங்கள்?"

அது குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற குரல். இத்தனை வருடமாக நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது, அவள் அதை அயலுக்கும் சொல்லியிருக்கிறாள். அக்கா எனக்கு மருந்து செய்யிறா என்று. அந்தப் பதில் போய்விட்டது. வேறு ஒன்றை என்னிடம் கேட்டாள். வேலை, வீட்டுக்கடன், ஓய்வூதியம் என்று இங்கேயுள்ளவர்கள் சொல்கிறதெல்லாம் நாக்குவரை வந்தது. ஒன்றையும் அவளிடம் சொல்லக் கூடியதாக இல்லை. திரும்பி வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. நான்கு வளையங்களையும் அவற்றின் கிளைகளையும் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு பாலையூற்றில் நான் என்ன செய்வது? "தேத்தண்ணி போடட்டோ?" என்று எழும்பினேன். "போடுங்கோ" என்றாள். குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதித்து மூடி ஆடும்வரைக்கும் அதன் முன்னாலேயே நின்றேன்.

திரும்பும் நாள் அன்ரன்தான் என் பெட்டியைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். இருக்கை பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். நானும் இறங்கினேன். இனி எப்போது சொல்லப்போகிறேன் என்று தோன்றியது.

"அன்ரன், குளுசையை அவ நிப்பாட்டினது என்னாலதான். அது நஞ்செண்டு நான்தான் சொன்னனான். எப்பிடி நிப்பாட்டுறதெண்டு சொல்லேல்ல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் கறுத்த, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கிற முகம். அது மெல்ல மெல்ல மூடிக்கொண்டதைக் கண்டேன். கோபித்து இரண்டு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அது எனக்கு வேண்டியும் இருந்தது. அவர் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் கையில் தந்தார்.

"வழியில குடியுங்கோ. பஸ் வெளிக்கிடப்போகுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் அழைத்தால் போனை ஜெசியிடம் கொடுத்துவிடுவார். மச்சாள் என்று அவர் கூப்பிட்டது அந்தப் பஸ்ஸுக்கு முதல்நாள்தான் கடைசி.

இங்கே இப்போது எனக்கு வேறு ஒரு சேர்மத்தில் வேலை. அதுவும் ஸ்டீரோயிட்தான், தோலில் பூசுகிற களிம்புக்கு. உள்ளே போகாது, எலும்பைத் தொடாது, அதனால் வெல்லக்கூடும் என்கிறார்கள். ஜெசிக்கு அது ஒன்றும் செய்யாது. அவளுக்குக் கொழும்பில் திகதி இன்னும் வரவில்லை. குளுசையை ஒழுங்காக எடுக்கிறாள். மருந்து என்ன மாதிரி என்று இப்போது கேட்பதில்லை. மழை பெய்ததா, என்ன சமைத்தேன் என்று கேட்கிறாள். நானும் சொல்கிறேன்.

போன கிழமை ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உணவறையில் இருந்தபோது அழைத்தாள். கிளினிக்குக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், ஓட்டோவை உட்துறைமுக வீதியில் கரையோரம் நிறுத்தச் சொல்லியிருந்தாள். நெடுநாளாகக் கடலைப் பார்க்கவில்லையாம். போனைத் திருப்பிக் காட்டினாள். பச்சைத் தண்ணீர், அதற்கப்பால் மலை, நடுவில் ஒரு பெரிய கப்பல். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இழுவைப் படகு. "அவர் அதிலதான் நிப்பார்" என்றாள். நான் போனைச் சத்தமாக வைத்திருந்தேன் போலும். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. நீளமாக, அடிவயிற்றில் கேட்கிறமாதிரி ஊதியது. உணவறையில் இருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் எழும்பி ஜன்னலடிக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். கடல் இங்கிருந்து வெகுதூரம். வெளியே பனி மூடிய வெறும் வயலும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான் இருந்தன.

"கப்பல் எங்கே?" என்று கேட்டாள்.

"இங்கே இல்லை" என்றேன்.

பகிடி விட்டேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். போனுக்குள் ஜெசி, "ஆரக்கா சிரிக்கினம்?" என்று கேட்டாள். கப்பல் இரண்டாம் தரம் ஊதத் தொடங்கியது. நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்து அதன்மேல் உள்ளங்கையைப் பொத்தினேன். ஊதல் ஓயும்வரைக்கும் அது என் கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது.